சலீமா சொல்லாத குறை

முத்தியால்பேட்டையில் சலீமாவின் வாய்க்குப் பயப்படாத கடைக்காரர் கிடையாது. கறியில் எலும்பு கொஞ்சம் கூடிவிட்டால் போதும், தெருவே திரும்பிப் பார்க்கும். மீன்காரப் பெண்கள் அவர் வருவதைப் பார்த்ததுமே நல்ல மீனாக எடுத்து முன்னால் வைத்துவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவர் ஒரே ஓர் ஆளிடம் மட்டும் வாயே திறந்ததில்லை. கடைசியில் வினை வந்ததும் அங்கேதான்.

பரங்கிப்பேட்டையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவர் மொய்னுதீனுக்கு நூல், பட்டன், லேஸ் விற்கிற சின்னக் கடை. அந்த வருமானம் எந்த மூலைக்கு? சலீமா கல்யாண வீடுகளுக்கு பிரியாணி தம் போடப் போனார். சவுக்கு விறகுப் புகையிலேயே பாதி ஆயுசு போயிற்று. இரண்டு பெண்களைப் படிக்க வைத்து, கட்டிக் கொடுத்து, அப்பாடா என்று நிமிர்ந்தபோது நுரையீரல் கைவிட்டது. முதலில் படி ஏற முடியவில்லை. பிறகு பேசினாலே மூச்சு வாங்கியது. வீட்டிலேயே ஒரு மூச்சு மிஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். வெளிநாட்டு மிஷினின் விலையைக் கேட்ட மொய்னுதீன் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போது வந்து சேர்ந்தவன்தான் கலைவாணன். சேதராப்பட்டுப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை, என்ஜினியர். தட்டாஞ்சாவடியில் ஒரு ஷெட்டில் நாலைந்து பேரை வைத்துக்கொண்டு அதே மிஷினைச் சல்லிசாகச் செய்துகொண்டிருந்தான். கொட்டுகிற மழையில், தான் போட்டிருந்த ரெயின்கோட்டைக் கழற்றி மிஷினுக்குப் போர்த்தி, சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வந்து மாட்டிவிட்டுப் போனான். அன்றைக்கு சலீமா மூச்சு முட்டாமல் தூங்கினார். இந்தப் பிள்ளையைப் பெற்ற வயிறு குளிரட்டும் என்று அவர் அல்லாஹ்விடம் துஆ கேட்காத நாளில்லை.

மாதாமாதம் வந்து பார்ப்பான். "எப்படிம்மா இருக்கு? எதுனா குறை இருந்தா சொல்லுங்க."

"அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்லப்பா. டீ குடி."

குறை இருந்தது. மிஷினோடு முகத்தில் மாட்டுகிற மாஸ்க்கின் ஓரம் மூக்குத் தண்டில் அழுத்தி அழுத்திப் புண்ணாகியிருந்தது. பழைய மல்துணியை மடித்து உள்ளே வைத்துத்தான் சமாளித்துக்கொண்டிருந்தார். அவன் வரும் நாளில் முக்காட்டை நன்றாக முன்னால் இழுத்து விட்டுக்கொள்வார்.

"சொல்லித் தொலையேன் அவன்கிட்ட!" என்பார் மொய்னுதீன்.

"சும்மா கெடங்க. வாயக் கட்டி வயித்தக் கட்டி செஞ்சிகினு இருக்கான். அவன் மூஞ்சி வாடிப்பூடும்."

இந்த வருடம் கலைவாணன் ரொம்பவே இளைத்துப் போயிருந்தான். ஷெட்டை ஓட்டக் காசில்லை. மருத்துவத்திலும் கம்ப்யூட்டரிலும் புதிதாக முளைக்கிற கம்பெனிகளாகப் பார்த்து, பணம் போட்டுப் பங்கு வாங்கிக்கொள்ளும் ஒரு முதலீட்டு நிறுவனம் அவனைப் பார்க்க வந்திருந்தது. "அவங்க கை குடுத்தாத்தாம்மா உண்டு. இல்லன்னா மூடிட வேண்டியதுதான்" என்றான். அவர்களிடம் ஒரு வழக்கம். மிஷின் செய்கிறவரை வெளியே நிறுத்திவிட்டு, அதை வைத்திருப்பவர்களிடம் தனியாகக் கேட்பார்கள். சலீமா வீட்டுக்கு வந்தவர் ஹேமலதா. அமைதியான பெண்மணி, கண் மட்டும் துருதுருவென்று சுற்றியது. கலைவாணன் தெருமுனை டீக்கடையில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

சலீமா புகழ்ந்தார் பாருங்கள், அப்படி ஒரு புகழ்ச்சி! ஹேமலதா எல்லாம் கேட்டுவிட்டு, "ஒரு தடவை போட்டுக் காட்டுறீங்களாம்மா?" என்றார்.

மாஸ்க்கை எடுத்த கை தானாகத் தலையணைக்கடியில் துணியைத் தேடிப் போனது. பாதியில் நின்றது. துணியில்லாமலே போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

மொய்னுதீனுக்குப் பொறுக்கவில்லை. "எடுத்துடு சலீமா! மேடம், புண்ணு மேலயே போட்டுக்கினு இருக்கா, பாருங்க."

ஹேமலதா கலைவாணனை உள்ளே கூப்பிட்டார். அவன் புண்ணைப் பார்த்தான். முகம் செத்துப் போயிற்று.

"ஏம்மா... இத்தினி நாளா ஒரு வார்த்த சொல்லலியே?"

"மூச்சு குடுத்த புள்ளைகிட்ட மூக்கு வலிக்குதுன்னு எந்த வாயால சொல்லுவேன்?" என்று சலீமா உடைந்து அழுதார்.

"இப்போதைக்கு நாங்க பணம் போட முடியாது. முதல்ல இதைச் சரிபண்ணுங்க, திரும்ப வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஹேமலதா கிளம்பிவிட்டார். பாவி, அவன் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டுவிட்டேனே என்று சலீமா இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார்.

கலைவாணன் கிடக்கவில்லை. மிஷின் வாங்கிய வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய், மாஸ்க்கைப் போட்டுக் காட்டச் சொன்னான். ஒரு வீட்டில் பஞ்சு, ஒரு வீட்டில் கைக்குட்டை, ஒரு பெரியவர் மூக்கில் பிளாஸ்திரி. எல்லாருமே அவனிடம் நல்லாயிருக்கு தம்பி என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் அவன் மேல் அவ்வளவு பிரியம்! கடன் வாங்கி, மெத்தென்ற ரப்பரில் மாஸ்க்கை மாற்றிச் செய்தான்.

சில மாதம் கழித்து அவனும் ஹேமலதாவும் சேர்ந்தே சலீமா வீட்டுக்கு வந்தார்கள். "பணம் போடுறதுன்னு எங்க கம்பெனியில முடிவு பண்ணிட்டோம்மா. ஷெட்டை மூட வேண்டாம்" என்றார் ஹேமலதா. சலீமா இரண்டு கையையும் ஏந்தி அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். கலைவாணனின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"இப்ப என்னம்மா குறை? மறைக்காம சொல்லணும்" என்றான் அவன்.

"மூக்கு சொகமா கீது. ஆனா அந்தச் சத்தம் இருக்கே, அப்பப்பா! மாவு மிஷின் மாதிரி. பக்கத்துல படுக்கிற மனுசன் எப்படித் தூங்குவாரு? அத மொதல்ல கொற."

"அதாம்மா அடுத்த வேலையே" என்று கலைவாணன் சொல்லி முடிக்கவில்லை, மொய்னுதீன் பதறி எழுந்தார்.

"வேணாந் தம்பி. அத மட்டும் கொறச்சிடாத. அந்தச் சத்தம் காதுல வுழுந்தாத்தான் எனக்குத் தூக்கமே வருது. நின்னுபோச்சுன்னா, இவளுக்கு மூச்சு வருதான்னு எழுந்து பாக்கணும்."

சலீமா கணவரின் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.