நான் பந்தைப் பார்த்த ஆட்டம்

பிள்ளைகளே, கூடைப்பந்து அரங்கத்து வேலையை ஏன் விட்டேன் என்று நீங்கள் கேட்டபோது, தூரம் அதிகம் என்று சொன்னேன். தாம்பரத்திலிருந்து பொத்தேரி ஒரு தூரமா? அது பொய்.

என் வேலை தரை துடைப்பது. ஆடுகிறவர்கள் விழுந்து எழுந்தால் மரத்தரையில் வியர்வை தங்கிவிடும். பந்து எதிர்ப்பக்கம் போனதும் துணியோடு ஓடித் துடைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அதனால் பந்தைப் பார்க்கக் கூடாது, தரையைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன். பார்க்கவும் ஒன்றுமில்லை. சம்பளத்துக்கு ஆடும் டீம்தான், ஆனால் எல்லாரிடமும் தோற்றுக்கொண்டிருந்தது.

மூன்றாம் வருஷம் இளவட்டங்களாகப் பார்த்து எடுத்தார்கள். ஜெயிக்க ஆரம்பித்தார்கள். அதில் ஒருவன் பம்மல்காரன். டீமிலேயே குள்ளம், ஆனால் ஓடினால் யாராலும் பிடிக்க முடியாது. பயிற்சி முடிந்தால் என்னைச் சீண்டுவான்.

"இன்னாண்ணா தொலைச்ச? எப்பப் பாத்தாலும் தரையவே பாத்துகினு கீற."

"நீ ஊத்துற வேர்வைக்குத்தான்டா எனக்குச் சம்பளம். போ."

அரையிறுதி அன்று நீங்களும் அரங்கத்து மாடியில் உட்கார்ந்திருந்தீர்கள். இரண்டு நிமிஷம் பாக்கி, நாம் ஒரு பாயிண்ட் பின்னால். நம் கூடைக்குக் கீழே ஒருவன் விழுந்து எழுந்தான். பந்து எதிர்ப்பக்கம் போனது. நான் ஓடியிருக்க வேண்டும். பம்மல்காரன் பந்தோடு போவதைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். எம்பிப் போட்டான். உள்ளே போனது. துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நானும் கைதட்டினேன்.

தடுப்பதற்கு அவன்தான் முதலில் திரும்பி ஓடிவந்தான். அந்த ஈரத்தில் கால் வைத்தான். முட்டி திரும்பிய சத்தம் எனக்குக் கேட்டது. அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். அப்பா ஒரு ஆளையே தூக்கினார் என்று நீங்கள் ஸ்கூலெல்லாம் சொன்னீர்கள்.

டீம் ஜெயித்தது. முதல் முறையாக இறுதி ஆட்டத்துக்குப் போனது. ஆனால் அவனிடம், நடக்கலாம், இனி ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பம்மலில் அவன் வீட்டுக்குப் போனேன்.

"ஈரம் கெடந்துச்சுப்பா. நான் தொடைக்கல. ஆட்டத்தைப் பாத்துகினு நின்னுட்டேன்."

கட்டுப்போட்ட காலை நகர்த்திவிட்டு, சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"எங்கம்மா கைல சொல்லாதண்ணா," என்றான். "நீ என்னைத் தூக்கினு ஓடுனியே, அதையேதான் வர்றவங்க கைல எல்லாம் சொல்லிகினு கீது. வேற எதுவும் பேச மாட்டேங்குது."

அவன் அம்மா டீயோடு வந்தார். முதல் தம்ளரை என்னிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.