மறுபாதிப் பந்து

கடல்கடந்து பலேர்மோ நகரத்துக்குக் கோப்பை கழுவ வந்து, இன்று துறைமுகத்தடியில் சொந்தச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவன் நான். அப்படிப்பட்டவனை இன்று காலை ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பழஞ்சாமான் கடையில் ஒரு தோல்பந்தின் ஈரவாடை மறித்துவிட்டது.

அந்த வாடைக்குள் நான் பிறந்து வளர்ந்த தீவின் கோயில் மைதானம் கிடந்தது. வடகரைப் பொடியன்களாகிய நாங்களும் தென்கரையாரும் எவருடைய பந்தில் விளையாடுவதென்று அடிபட்டபோது, கோயில் மணி அடிக்கும் சூசையண்ணை, முதலாவது உலகக்கிண்ண இறுதியாட்டத்திலும் இதே சண்டைதான், முதற்பாதி அர்ஜென்டீனாவின் பந்து, மறுபாதி உருகுவேயின் பந்து என்று சொல்லித் தீர்த்துவைத்தார். எங்கள் பந்தில் நாங்கள் முன்னுக்கு நின்றோம். கோல் எல்லாம் நான் அடித்ததுதான்.

இடைவேளையில் குண்டு போடும் பொம்மர் விமானம் வந்தது. பனங்குற்றி மூடிய பங்கர் குழிக்குள் முழங்காலோடு முழங்கால் முட்ட, மண் உதிர உதிர, ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுத்துக்கொண்டு கிடந்தோம். தென்கரையாரின் பந்து என் மடியில் அகப்பட்டிருந்தது.

"பந்தைத் தாடா," என்றான் தென்கரை அந்தோனி. "உருகுவேயும் முதல் பாதியில தோத்துத்தான் பிறகு வெண்டது."

"ஓமடா, முதல்ல வெளியில போ பாப்பம்," என்றேன்.

வெளியே வந்ததும் மறுபாதி ஆடாமலே ஊரே வள்ளம் ஏறியது. மைதானம் இன்று ஆமிக்காரரின் முள்ளுக்கம்பிக்குள்.

இங்கே பக்கத்து மீன்துறையான ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் வெட்டுகிற அந்தோனி இப்போதும் என்னைக் கண்டால், "முதலாளி, மறுபாதிக்கு எப்ப வாறியள்?" என்பான்.

பழஞ்சாமான் கடைக்காரன் மதியத்துக்குக் கதவடைக்க நிற்கிறான். அவன் முக்காலியில் குந்தியிருக்கும் எனக்கோ அந்தத் தோல்பந்தை மடியிலிருந்து இறக்க முடியவில்லை.