தொப்பியைக் கழற்றியவர்

ஸ்பிரிங்வேலில் எங்கள் விண்வெளி ஆர்வலர் குழு கூடும் அறைக்கு அவரும் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், பெயரை நான் கேட்டதே இல்லை. இங்கே கோடையான ஜனவரி வெயிலிலும் கம்பளித் தொப்பியைக் கழற்ற மாட்டார்.

விண்கலம் ஒன்றை வேண்டுமென்றே வால்நட்சத்திரத்தின் மேல் மோதவிட்ட அன்று, அதன் கேமரா அனுப்பிய படங்களைத் திரையில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாறை பெரிதாகிக்கொண்டே வந்து திரையை நிறைத்தது. படம் நின்றுபோனது. எல்லோரும் எழுந்து கைதட்டினோம். அவர் மட்டும் எழவில்லை.

"இது இப்ப நடந்ததோ?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல அங்கிள், அப்பவே மோதிடுச்சு. அவ்வளவு தூரத்திலிருந்து சிக்னல் வந்து சேர சில நிமிஷம் ஆகும்."

"அப்ப, அது இல்லாமப் போன பிறகும் நாங்கள் வருது வருதெண்டு பாத்துக்கொண்டு இருந்திருக்கிறம்."

"ஆமா."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "என்ர தம்பியையும் அப்பிடித்தான் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்," என்றார். பிறகு தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "போயிட்டு வாறன்," என்று கிளம்பினார்.

அறையில் கைதட்டல் இன்னும் ஓயவில்லை. சேர்ந்து தட்டுவதா விடுவதா என்று தெரியாமல், விரித்த கைகளோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.