செத்த இறாலுக்கு யார் பொறுப்பு

கடல் மீன் தொட்டிகளைப் பாத்துக்கிறதுதான் என் பொழப்புன்னு சொன்னா, "கொடுத்து வச்ச ஆளுப்பா, நாள் பூரா மீனைப் பாத்துக்கிட்டே சம்பாதிக்கலாம்"னு சொல்லுவாங்க. அப்படிச் சொல்றவங்க வீட்டுல கண்டிப்பா தொட்டி இருக்காது. வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும், உயிரோட இருக்கிறதைப் பாக்குற நேரத்தை விட செத்ததை வலை போட்டு எடுக்குற நேரம்தான் ஜாஸ்தி.

நான் இருக்கிறது பினாங்குத் தீவுல, சுங்கை பினாங். மோட்டார் சைக்கிள்ல ரெண்டு பக்கமும் தண்ணி டின்னைக் கட்டிக்கிட்டு ஜார்ஜ்டவுன் முழுக்கச் சுத்துவேன், எப்பவாவது பாலம் தாண்டி அந்தப் பக்கமும் போவேன். பெரிய தொட்டிக்காரங்களுக்குப் பெரிய கம்பெனி இருக்கு. என் கைக்கு வர்றதெல்லாம் டிவிக்குப் பக்கத்துல வைக்கிற சின்னத் தொட்டி. சின்னத் தொட்டிதான் பொசுக்குன்னு போகும். கடல்ல எவன் எதைக் கொட்டினாலும் கடல் கொஞ்சம் தாங்கும், நாலு வாளித் தண்ணி எப்படித் தாங்கும்?

மீன் சாகுறது கூட பரவாயில்லங்க. அதை எடுத்து பிளாஸ்டிக் பையில போட்டு முடிச்சதும் வீட்டுல இருக்கிறவங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாப்பாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆகாது. யாராவது ஒருத்தர் தலையில அது விடிஞ்சாகணும். ஒரு வீட்டுல, ஒரு இறால் செத்ததுக்குப் புதுசா வந்த மருமகளை அம்மா வீட்டுக்கே அனுப்பப் பாத்தாங்க. அதுக்கு வர்றேன். என்னை மாதிரியே தொட்டியால அவதிப்படுறவங்க இதைப் படிச்சுட்டு ஆறுதல் கேக்காதீங்க, என்கிட்ட ஸ்டாக் இல்ல.

நேத்து நல்லாத்தான் இருந்துச்சு

காலையில கோப்பியைக் கையில எடுத்தா போன் அடிக்கும். எடுத்தா எல்லாரும் சொல்றது ஒரே வசனம்தான், நேத்து நல்லாத்தான் இருந்துச்சு. நேத்து நல்லா இல்லன்னு சொல்லி இதுவரைக்கும் ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. புதுசா ஏதாவது போட்டீங்களான்னு கேட்டா, சத்தியமா இல்லன்னு சொல்லுவாங்க. சரின்னு போய்ப் பாப்பேன். தொட்டிக்குள்ள கடற்கரையில பொறுக்கின துருப்பிடிச்ச கல்லு ஒண்ணு உக்காந்திருக்கும், கேட்டா அது போன வாரம் போட்டதாம், புதுசு இல்லையாம்.

ஒரு தடவை ஒரு அக்கா வீட்டுல தொட்டி முழுக்க நுரை, கோரல், அதான் பவளம், எல்லாம் சுருண்டு கெடக்கு. சோப்புப் போட்டுக் கழுவினீங்களாக்கான்னு கேட்டேன். அவங்களுக்குக் கோவம் வந்துடுச்சு. "உனக்கு அறிவிருக்கா தம்பி, கடல் தொட்டியில யாராவது சோப்புப் போடுவாங்களா? பாத்திரம் கழுவுற லிக்விட்தான்லா போட்டேன்."

குடில் விளக்கு

எங்க ஏரியாவுல சவரிமுத்து அங்கிள்னு ஒருத்தர், ஆபிஸ்ல கணக்கெழுதின ரிட்டயர்ட் கிராணி. நல்ல மனுஷன். கிறிஸ்துமஸ் நேரத்துல அவர் வீட்டுத் தொட்டியில மீன் எல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு, நான் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி போயிடுச்சு. மின்சாரக்காரங்களை அங்கிள் அந்தத் திட்டுத் திட்டுறாரு. கரண்டு நின்னுருக்கும், இவனுங்க சொல்லவே மாட்டானுங்கன்னு.

கரண்டெல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு. தொட்டிக்குப் பின்னாடி எட்டிப் பாத்தா, தண்ணியைச் சுத்த விடுற பம்ப்போட பிளக் தரையில கெடக்கு. அந்த ஓட்டையில குடில் விளக்கு சொருகியிருக்கு. வைக்கோல், மாடு, மூணு ராஜாக்கள், எல்லாம் பளபளன்னு மின்னுது. அங்கிள், மீனுக்கு மூச்சே இதுலதானே இருக்குன்னு மெதுவாத்தான் சொன்னேன். அவரு குடிலைப் பாத்தாரு, என்னையும் பாத்தாரு. "அதுக்காக குழந்தை யேசுவை இருட்டுல வைக்கச் சொல்றியா தம்பி?"

சிம்பாங் அம்பாட்ல ஒரு கொசு

இது சிரிக்கிற கதை இல்ல. பாலம் தாண்டி சிம்பாங் அம்பாட்ல மோகன்னு ஒரு இன்ஜினியர். அவர் வீட்டுத் தொட்டி ஒரேடியாக் காலி, ஒரு உசுரு மிஞ்சல. நான் போகும்போதே தீர்ப்பு எழுதி முடிச்சுட்டாரு. வீட்டு வேலைக்கு இருந்த இந்தோனேசியாக்காரப் பொண்ணு சுமிதான் துடைக்கும்போது எதையோ ஊத்திட்டான்னு. அவ அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு, "நான் தொடவே இல்ல அண்ணே"ன்னு மலாய்ல என்கிட்ட சொன்னா. நான் சோதிச்சுப் பாக்கத் தண்ணியைக் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு வந்தேன், அதுல ஒண்ணும் பிடிபடல.

அடுத்த தடவை தொட்டியைக் கழுவப் போனப்பதான் தெரிஞ்சுது. அழுக்கை நுரையாக்கி எடுக்குற மெஷினோட கிண்ணத்தைக் கழட்டினா கொசு மருந்து வாடை குப்புன்னு அடிக்குது. சோபாவுக்குப் பின்னாடி ஸ்ப்ரே டின். யாரு அடிச்சதுன்னு கேட்டா, இவரேதான், டிவி பாக்கும்போது. அந்த மெஷின் காத்தை உள்ள இழுக்கும், மருந்தையும் சேத்து இழுத்திருக்கு. சுமி எங்கேன்னு கேட்டேன், ஏஜென்ட் கிட்ட திருப்பி அனுப்பியாச்சாம். உண்மை தெரிஞ்சு அவளுக்கு என்ன லாபம்? அவ மேல பழி போட்டது தப்புன்னு நேராவே சொன்னேன். மோகன் என்னமோ நான் அநியாயம் பேசுற மாதிரி பாத்தாரு. "நான் மேல பாத்துத்தான்லா அடிச்சேன். கொசு என்ன தண்ணிக்குள்ளயா பறக்குது?"

வந்த நேரம்

இப்ப அந்த மருமக கதை. ஆயர் ஈத்தாம் பாசார் மார்க்கெட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஃபிளாட்ல சரோஜா அக்கா வீடு. தொட்டியை வாங்கினது மகன் பிரகாஷ், ஆனா எஜமானி அக்காதான். ஒரு ஜோடி கோமாளி மீன், கொஞ்சம் நத்தை, கோரல், அப்புறம் முதுகுல சிவப்புக் கோடு போட்ட ஒரு இறால். அக்கா தண்ணிக்குள்ள விரலை விட்டா அந்த இறால் ஓடி வந்து நகத்தைச் சுரண்டிச் சுத்தம் பண்ணும். வீட்டுக்கு யாரு வந்தாலும் அக்கா மொதல்ல இதைத்தான் காட்டுவாங்க.

பிரகாஷுக்குக் கல்யாணம் ஆச்சு. தீபான்னு பொண்ணு, பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில தரம் பாக்குற வேலை. அவ வீட்டுக்கு வந்த கொஞ்ச நாள்லயே நத்தையெல்லாம் கண்ணாடியில இருந்து கழண்டு கீழ விழுந்துச்சு. அப்புறம் இறால் போச்சு. மீனு ரெண்டும் ஜோரா நீந்துது. நான் தண்ணியை மாத்திட்டு டின்னை மூடுறேன், அக்கா கிட்ட வந்து குரலை இறக்கினாங்க. அடுப்படிக் கதவு திறந்துதான் கெடந்துச்சு, தீபா உள்ள தட்டு கழுவிக்கிட்டு இருந்தா. "இத்தனை வருஷமா இந்த வீட்டுல ஒரு நத்தை செத்ததில்ல தம்பி. நான் யாரையும் சொல்லல. வந்த நேரத்தைச் சொல்றேன்."

ரெண்டாவது இறால்

அக்கா மனசு ஆறட்டும்னு அதே மாதிரி இன்னொரு இறால் கொண்டு போய் விட்டேன். அது மேல் ஓட்டைச் சட்டை மாதிரி கழட்டக் கூட நேரம் இல்லாம செத்துப்போச்சு. கோரலும் வாயை மூடிக்கிச்சு. இந்தத் தடவை நான் போனப்ப வீடே மாறியிருந்துச்சு. அந்தப் பொண்ணு ஹாலுக்கே வர்றதில்ல. தொட்டி பக்கம் அவ நிழல் படக்கூடாதாம். பிரகாஷ் போனை நோண்டிக்கிட்டு உக்காந்திருந்தான். ஏன்டா, உன் பொண்டாட்டிக்காக ஒரு வார்த்தை பேசேன்டான்னு கேக்கணும் போல இருந்துச்சு. நான் தண்ணி மாத்துறவன், எனக்கு எதுக்குன்னு வாயைக் கட்டிக்கிட்டேன்.

அக்காவுக்கு இப்ப அழுகையும் வருது, கோவமும் வருது. நான் விசாரணை அதிகாரி மாதிரி என்கிட்ட சொல்றாங்க. "அவ கொஞ்ச நாள் அவங்க அம்மா வீட்டுல இருக்கட்டும் தம்பி. தொட்டி தெளியுதான்னு பாப்போம்."

குடம்

மீன் நல்லா இருந்து, நத்தையும் இறாலும் மட்டும் சாகுதுன்னா என்னன்னு இந்தத் தொழில்ல இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. செம்பு. துளி செம்பு தண்ணியில கலந்தாலும் மீனு சமாளிச்சுக்கும், இறாலுக்கு அது விஷம். சோதிக்கிற மருந்தை விட்டுப் பாத்தேன், தண்ணி நீலமா மாறிடுச்சு. ஆனா எங்கேருந்து வருது? தொட்டித் தண்ணி வத்துறப்ப ஊத்துறதுக்கு வடிகட்டின தண்ணியை நானே பிளாஸ்டிக் டின்னுல கொண்டு வந்து குடுக்குறேன். அக்கா, நீங்க எப்படி ஊத்துறீங்கன்னு காட்டுங்கன்னு கேட்டேன்.

அக்கா உள்ள போய் ஒரு செம்புக் குடத்தை இடுப்புல வச்சுத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. புளி போட்டுத் தேச்சு தகதகன்னு இருக்கு. செம்புல வச்ச தண்ணி உடம்புக்கு நல்லதுன்னு போன்ல யாரோ அனுப்பியிருக்காங்க. சாயந்தரம் என் தண்ணியைக் குடத்துல ஊத்தி வைப்பாங்களாம், விடிஞ்சதும் தனக்கு ஒரு தம்ளர், மீதி தொட்டிக்கு. தன் கையால, ஆசை ஆசையா ஊத்தியிருக்காங்க. எனக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு. சொல்றதுக்கு முன்னாடி, குடம் புதுசா இருக்கேக்கான்னு சும்மா கேட்டு வச்சேன். "சீர்ல வந்தது தம்பி. அந்தப் பொண்ணு கொண்டு வந்ததுல உருப்படியானது இந்தக் குடம் ஒண்ணுதான்."

சாந்தி கேட்ட கேள்வி

ஞாயித்துக்கிழமை வந்து சொல்றேன், அதுவரைக்கும் தொட்டியில எதையும் ஊத்தாதீங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வீட்டுல என் மனைவி சாந்தி துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. விஷயத்தைச் சொன்னேன். சிம்பாங் அம்பாட்டையும் சொன்னேன், அங்க உண்மை லேட்டா வந்து ஒருத்தி வேலையே போச்சு, இங்கயாவது சட்டுபுட்டுன்னு சொல்லிடுறேன்னு. அவ மடிச்ச கைலியை எடுத்து ஓரமா வச்சா. "தாராளமா சொல்லு. அந்தக் குடம் யாரு வீட்டுல இருந்து வந்துச்சுன்னு அடுத்து பேசுவாங்க. அதுக்கும் ஒரு பதில் யோசிச்சு எடுத்துக்கிட்டுப் போ."

என் உப்பு

ஞாயித்துக்கிழமை போனேன். நான் கடல் உப்புக் கலந்து கொண்டு வந்த தண்ணியை விட்டுத் தொட்டியில முக்காவாசியை மாத்தினேன், செம்பை உறிஞ்சுற பையைப் பின்னாடி தொங்க விட்டேன். அப்புறம் நிமிந்து, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னேன். என் உப்பு கெட்டுப்போச்சுக்கா, ஈரம் பட்ட மூட்டை, பாக்காம கலந்துட்டேன், தப்பு என்மேலதான். இனிமே நான் குடுக்குற டின்னுல இருந்து நேரா ஊத்துங்க, வேற பாத்திரம் எதுவும் வேணாம். அந்த உப்பை எவ்வளவு பத்திரமா வச்சிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும். வேற எந்தப் பொய்யும் எனக்கு இப்படிக் கசந்ததில்ல.

அக்கா என்னை நல்லா மொறைச்சாங்க. அப்புறம் அடுப்படி பக்கம் திரும்பி, "தீபா, வெளிய வாம்மா, அண்ணனுக்குக் கோப்பி கலக்கு"ன்னு கூப்பிட்டாங்க. அம்மா வீட்டுக்கு அனுப்புற பேச்சு அதோட முடிஞ்சுது. அந்தப் பொண்ணு ஹாலுக்கு வந்தா. அக்கா அவ தோள் மேல கையைப் போட்டுக்கிட்டாங்க. "நான் அப்பவே நினைச்சேன் தம்பி. மகாலட்சுமி மாதிரி பொண்ணு, இவ கால் வச்ச வீட்டுல எப்படி இப்படி நடக்கும்னு."

லிஃப்ட் வாசல்

என் உப்பு கெட்ட கதை கோயில்ல, பாசார்ல, எல்லா இடத்துலயும் பரவிடுச்சு. அதே ஃபிளாட்ல எனக்கு இருந்த மத்த வீடுகள் வேற ஆளைப் பிடிச்சுக்கிட்டாங்க. எதிர்பாத்ததுதான், ஆனா வலிக்காம இல்ல. சரோஜா அக்கா மட்டும் என்னை நிறுத்தல, ஒவ்வொரு தடவையும் உப்பு மூட்டையை மோந்து பாத்துட்டுத்தான் உள்ள விடுறாங்க.

அந்த ஞாயித்துக்கிழமை நான் கெளம்பும்போது காலி டின் ஒண்ணைத் தூக்கிக்கிட்டு தீபா லிஃப்ட் வரைக்கும் வந்தா. அடுப்படியில குடம் கண்ணுல படலையேன்னு நான் உள்ளுக்குள்ள யோசிச்சுக்கிட்டே நிக்கிறேன். அவளே பேசினா. உங்க உப்பு நல்ல உப்புதான் அண்ணே, குடத்துல ஒடுக்கு விழுந்திருக்கு தட்டணும்னு சொல்லி நேத்தே எங்கம்மா வீட்டுக்குக் குடுத்து அனுப்பிட்டேன், திரும்பி வராதுன்னு சொன்னா. நத்தை விழுந்த மொத நாளே அவளுக்குச் சந்தேகமாம், ஃபேக்டரியில தினமும் செம்போடதானே வேலை. தெரிஞ்சும் ஏம்மா இத்தனை பேச்சையும் வாங்கிக்கிட்டு இருந்த அப்படின்னு கேட்டேன். லிஃப்ட் வந்துடுச்சு, அவ டின்னை உள்ள வச்சா. "குடம் என்னோடதாச்சே அண்ணே."

ஆக, இத்தனை தொட்டி பாத்ததுல எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்: மீன் செத்த வீட்டுல யாராவது ஒருத்தர் பழி ஏத்துக்கிட்டாத்தான் மத்தவங்க சாப்பிட உக்காருவாங்க, அது தண்ணி மாத்துறவனா இருந்தா அவன் மோட்டார் எடுத்துக்கிட்டுப் போயிடலாம்.