ராமநாதபுரத்து மாடியில் கோட்டிங்கன்

ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் பாடம் நடத்துவது கால்வாசி; மீதி முக்கால்வாசி, "இது எதுக்கு?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது. ஊர் கேட்காத ஒன்றைக் கடை விரித்து உட்கார்ந்திருக்கும் என் இனத்தாரே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் நயினார்கோவில்காரி. கோட்டிங்கன் என்ற ஜெர்மன் நகரத்தில் ஐந்து வருடம் வேதியியல் படித்தேன். முடித்துவிட்டு, விருப்பப்பட்டுத்தான் திரும்பி வந்தேன். இப்போது ராமநாதபுரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில், ஒரே அறையில் வகுப்பு.

பலகை மாட்டிய அன்று

பலகையில் கோட்டிங்கனின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தேன். மரச்சட்டம் வெளியே தெரியும் பழைய வீடுகள், நடுவில் தேவாலயக் கோபுரங்கள். கட்டிட உரிமையாளர் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். "அங்கன போனவுக திரும்பி வருவாகளா? பெயிலாப் போயிட்டீகளோ?" என்றார்.

என் பட்டச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, மாடிப்படி தொடங்கும் இடத்தில், அவர் கண்ணுக்கு நேரே ஆணி அடித்து மாட்டினேன். அதை அவர் எழுத்து எழுத்தாகத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாஸுதான் போல. ஆனா மொளகா வெளையுற ஊர்ல இருந்து வந்து ஜெர்மன் விக்கிறீகளே, யாரும்மா வாங்குவா?"

அஃறிணை

வாங்க வந்த முதல் ஆள் ஜெனிட்டா. தங்கச்சிமடம், நர்சிங் முடித்தவள், அப்பா விசைப்படகில் போகிறவர். ஜெர்மனில் பெயர்ச்சொல் எல்லாமே ஆண்பால், பெண்பால், இரண்டும் இல்லாத பால் என்று மூன்றாகப் பிரியும். மேசை ஆண், விளக்கு பெண். 'சிறுமி' என்ற சொல்லோ இரண்டிலும் சேராமல் 'அது' என்று நிற்கும். இதை எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு முறையும் எனக்குக் கூச்சம்தான். சொன்னேன்.

ஜெனிட்டா பேனாவை மூடி வைத்தாள். "பொண்ண அது இதுன்னு சொல்றதக் கேக்க ஜெர்மனி வரைக்கும் போகணுமா மிஸ்? எங்க எதிர்வீட்டுலயே ஆள் இருக்கு."

முத்தத்துக்குத் தடை

கோட்டிங்கன் சந்தைத் திடலில், ஒரு நீரூற்றின் மேல் வாத்துகளோடு நிற்கும் ஒரு வெண்கலச் சிறுமி உண்டு. முனைவர் பட்டம் வாங்கியவர்கள் அந்த நீரூற்று மேல் ஏறி அவளுக்கு முத்தம் கொடுப்பது வழக்கம். ஒரு காலத்தில் நகர நிர்வாகம் இதற்குத் தடை போட்டது. மாணவர்கள் வழக்குக்குப் போய்த் தோற்றார்கள். தோற்ற பிறகும் ஏறினார்கள், இன்றைக்கும் ஏறுகிறார்கள் என்று வகுப்பில் சொன்னேன். ஜெனிட்டாதான் சொன்னாள்: "அங்கன தடைய மீறுனா முத்தம். இங்கன தடைக்காலத்துல கடலுக்குப் போனா போட்டையே புடிச்சிருவாக!"

கல் பதித்த வீடுகள்

கீழக்கரையிலிருந்து ரிஃபாயா வந்தபோது கூடவே அவள் வாப்பாவும் வந்தார். பல வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். மகள் இயற்பியலில் முதல் வகுப்பு. கோட்டிங்கனில் மேற்படிப்பு படிக்க ஆசை. "அந்த ஊர்ல அப்புடி என்ன இருக்கு?" என்றார். கடல் இல்லை, உயரக் கட்டிடங்கள் இல்லை, பாதிப் பேர் சைக்கிளில் போவார்கள் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் தெருவுக்குத் தெரு வீட்டுச் சுவரில் கல் பதித்து, எந்த அறிஞர் எந்த வருடம் இங்கே குடியிருந்தார் என்று எழுதியிருப்பார்கள் என்றேன்.

"சரி, அங்க அனுப்புற விண்ணப்பப் பாரத்துல போன், மெயில் எல்லாம் என் பேருலயே போடுங்க மிஸ். பொம்பளப் புள்ள பேரு வெளிய போக வேணாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அங்கே பாடம் நடத்திய ஒரு கணித மேதையின் கதையைச் சொன்னேன். பெண் என்பதால் தன் பெயரில் வகுப்பு எடுக்க அனுமதி இல்லை; வேறொரு பேராசிரியர் பெயரில் அறிவித்துவிட்டு, சம்பளமில்லாமல் வருடக்கணக்கில் நடத்தினார். பிற்பாடு, யூதர் என்று சொல்லி அந்த வேலையிலிருந்தும் துரத்தினார்கள். இன்று அதே ஊர் அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறது.

வாப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பாரத்தை என் பக்கம் தள்ளினார். "என் பேரு வேணாம் மிஸ். புள்ள பேரே இருக்கட்டும்."

ஏழு கையெழுத்து

முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மதுரையில் வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் ஒரு ஆலோசகரைப் போய்ப் பார்த்தார்கள். "கீழக்கரைப் பொண்ணுக்கு அவ்வளவு பெரிய யுனிவர்சிட்டி எதுக்கு? லேசா ஏதாவது பார்ப்போம்" என்றாராம். ரிஃபாயா மூன்று நாள் வகுப்புக்கு வரவில்லை. நாலாம் நாள் வந்து பையைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஜெனிட்டா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், அதையும் வாங்கவில்லை.

அன்றைக்கு இலக்கணத்தை ஓரங்கட்டினேன். முன்பு ஒரு ராஜா அரசியல் சட்டத்தையே ரத்து செய்தபோது, கோட்டிங்கன் பேராசிரியர்கள் ஏழு பேர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஏழு பேருக்கும் வேலை போனது, மூன்று பேரை நாட்டைவிட்டே அனுப்பினார்கள் என்றேன். ரிஃபாயா தலையை நிமிர்த்தினாள். "ஒருத்தர்கூட மன்னிப்பு எழுதிக் குடுக்கலையா மிஸ்?" இல்லை என்றேன். அவள் பையைத் திறந்தாள். "அப்ப அந்தப் பாரத்தத் திரும்ப எடுங்க."

நேர்காணல்

இரண்டாவது விண்ணப்பத்துக்கு இணையவழி நேர்காணல் வந்தது. அவள் வீட்டில் சிக்னல் சரியில்லை என்று எங்கள் மாடியில் வைத்தோம். பாதியில் கரண்ட் போய், மின்விசிறி நின்று, ரிஃபாயாவின் நெற்றியில் வியர்வை வழிந்தது. துடைக்கவில்லை. ஜெர்மனிலேயே பேசுகிறேன் என்று அவளாகக் கேட்டு வாங்கியிருந்தாள். கதவுக்கு வெளியே படியில் வாப்பா, ஜெனிட்டா, நான்.

இயற்பியல் கேள்விகள் முடிந்ததும், "இந்த முறையும் கிடைக்காவிட்டால்?" என்று பேராசிரியர் கேட்டது காதில் விழுந்தது. அவள் நிறுத்தி நிதானமாக, ஒரு சொல்லின் பால்கூடத் தப்பாமல் பதில் சொன்னாள்: "மூன்றாவது முறை விண்ணப்பிப்பேன். அதற்குள் என் பெயர் உங்களுக்குப் பழகிவிடும்."

அனுமதிக் கடிதம்

சில வாரம் கழித்து அனுமதிக் கடிதம் வந்தது. அதைக் காட்ட வாப்பா மட்டும் வந்திருந்தார். வீட்டில் தன் அண்ணன், ரிஃபாயாவின் பெரியவாப்பா, பெண்ணை வெளிநாடு அனுப்புவதில் இன்னும் கோபத்தில் இருக்கிறார், ஜமாத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள் என்றார். நான் வேண்டுமானால் வந்து பேசட்டுமா என்று கேட்டேன். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "கேக்குறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன் மிஸ். நீங்க அடுத்த புள்ளையக் கூப்புடுங்க."

மொத்தத்தில், ஜெர்மன் இலக்கணத்தின் விதிவிலக்குகளைவிட ராமநாதபுரம் மாவட்டத்தின் சந்தேகங்கள்தான் அதிகம் என்றாலும், நான் பாடத்தையும் நிறுத்தப்போவதில்லை, அறையையும் காலி செய்யப்போவதில்லை.