ஆஞ்சப்பன் அண்ணனின் காது

எங்கள் ஆலையிலிருந்து ஒரு மோட்டார் வெளியே போக வேண்டுமானால் ஆஞ்சப்பன் அண்ணன் தலையாட்ட வேண்டும். மேனேஜர் கையெழுத்தெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஓசூர் சிப்காட்டில் மின்சார ஸ்கூட்டருக்கு மோட்டார் செய்கிற கம்பெனி எங்களுடையது. அதன் கடைசி மேடையில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள், அண்ணனும் நானும் இரண்டு வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் கேட்பார், நான் பட்டனை அமுக்குவேன். என் பெயர் ஜோதிமணி, ஊர் சிங்காரப்பேட்டை. டிப்ளமோ படித்துவிட்டு பட்டன் அமுக்குகிறாயா என்று வீட்டில் கேட்பார்கள். ஆமாம், பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று.

பெட்ரோல் வண்டியில் இன்ஜின் போடுகிற கூச்சலில் எந்தக் குறையும் அமுங்கிப் போகும். மின்சார வண்டி அதுபாட்டுக்குச் சத்தமில்லாமல் ஓடும். அதனாலேயே உள்ளே பேரிங் லேசாக முனகினாலும் ஓட்டுகிறவனுக்குக் கேட்டுவிடும். ஆசையாகப் புது வண்டி எடுத்தவன் சும்மா இருப்பானா? ஆகவே ஒவ்வொரு மோட்டாரையும் இருபது விநாடி ஓடவிட்டு, ஒரு மனுஷர் காதால் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

அண்ணன் கேட்கிற அழகே தனி. நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை மோட்டார்மேல் வைப்பார், பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஒட்டிக்கொள்வார், கண்ணை மூடுவார். இருபது விநாடி கழித்து "போலாம்" அல்லது "வேணாம்". அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. நம்பாமல் மோட்டாரைப் பிரித்துப் பார்த்த இன்ஜினியர்கள் உண்டு. பேரிங்கில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் இருக்கும், வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்கள்.

அவர் பர்கூர்ப் பக்கம். அங்கே கிரானைட் அறுக்கிற இடத்தில் பதினோரு வருஷம் வேலை. ரம்பம் கல்லில் இறங்கும்போது பக்கத்தில் நிற்கிறவனோடு சைகையில்தான் பேசணுமாம். அந்த இரைச்சலுக்கு நடுவே ரம்பத்தின் பல் தேய்கிறதை இவர் கண்டுபிடித்துச் சொல்வாராம். "அந்தக் கல்லுதான் ஜோதி எனக்குக் காதைக் குடுத்துது" என்பார். அதை அவர் சொல்லாத வாரமே இல்லை.

தலைக்கனம் உண்டு, மறைத்து என்ன ஆகப்போகிறது. கேன்டீன் மின்விசிறியிலிருந்து கிருஷ்ணகிரி பஸ் வரைக்கும் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்வார். ஒரு தடவை பின்சக்கரம் போகப்போகுது என்று ஒரு கண்டக்டரிடம் தெலுங்கில் சண்டை பிடித்தார். நாலாவது நாள் அந்த பஸ் மேலுமலையில் சக்கரம் இறுகி நின்றது. அதற்கப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

போன ஆடியில் மகள் சுவாதிக்கு வெள்ளிக் கொலுசு வாங்கினார். எட்டு வயசுப் பிள்ளை, ரொம்ப நாள் கேட்டு வாங்கிக்கொண்டது. கொலுசில் சத்தமே வரவில்லை என்று மறுநாளே பாகலூர் ரோட்டுக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போனார். கடைக்காரர் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிக் காட்டி, "கேக்குதுங்களே" என்றாராம். "யாருகிட்ட சொல்ற? காதை வச்சு சோறு துன்றவன்கிட்டயா?" என்று கேட்டு வேறு ஜோடி வாங்கி வந்தார். அதிலும் சத்தம் வரவில்லை. உள்ளே முத்துப் போடாமல் ஏமாற்றிவிட்டான் என்று பிள்ளையின் காலிலிருந்து கழற்றி பீரோவில் போட்டுப் பூட்டினார். அவர் மனைவி சுமலதா அக்கா, நல்லாத்தானே கேக்குது என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். இந்த வீட்டில் காது யாருக்கு என்று கேட்டு அவர் வாயையும் அடைத்தாயிற்று. இதையெல்லாம் அந்தக் கடைக்காரரின் குரலிலேயே கேன்டீனில் நடித்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தோம், நான்தான் அதிகம் சிரித்தேன்.

ஐப்பசியில் பெங்களூரிலிருந்து அஸ்வின் வந்து சேர்ந்தான். எங்கள் கூண்டில் முதலிலிருந்தே ஒரு மைக் உண்டு. ஓடின ஒவ்வொரு மோட்டாரின் சத்தமும், அதற்கு நான் அமுக்கிய பச்சையோ சிவப்போ, எல்லாம் கம்ப்யூட்டரில் சேர்ந்திருந்தது. அதை வைத்து ஒரு மெஷினுக்கு மோட்டார் கேட்கப் பழக்கப்போவதாக அவன் சொன்னான். அவன் சிரித்த முகம் எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. "நீங்கதான் அதுக்கு மேஷ்ட்ரு" என்று, கன்னடக்காரர்கள் வாத்தியாரைக் கூப்பிடுகிற மாதிரி, அண்ணனிடம் சொன்னான். அண்ணன் உருகிப்போய், மறுநாள் வீட்டிலிருந்து எல்லாருக்கும் ஒப்பட்டு, அதான் போளி, கொண்டுவந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாத்தியார வீட்டுக்கு அனுப்பத்தான்ணா பாடம் படிக்கிறாங்க" என்றேன்.

"என் காது எங்கிட்ட இருக்கிற வரைக்கும் எவன் அனுப்புவான்?" என்றார்.

மெஷின் தேறிவிட்டால் கூண்டு அதற்கு, அண்ணன் பேக்கிங் பக்கம் பெட்டிக்கு டேப் ஒட்டப் போக வேண்டும். தேறாவிட்டால் அது மூட்டை கட்டும். மேனேஜர் வெங்கடசாமி சார் இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அது நாசமாய்ப் போகட்டும் என்று நான் தினமும் வேண்டிக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை மதியம் எங்கள் இருவரையும் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். சார் பேசவில்லை, அஸ்வின்தான் பேசினான். அண்ணனின் முதல் வருஷத் தீர்ப்புகளை மட்டும் மெஷினுக்குப் படிக்கக் கொடுத்தார்களாம். பிறகு இரண்டாம் வருஷத்து மோட்டார்களைப் போட்டுக் கேட்கச் சொன்னார்களாம். அண்ணன் போலாம் என்று விட்டதில் முந்நூற்றுப் பன்னிரண்டு மோட்டாரை அது வேணாம் என்று சொல்லிவிட்டதாம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மெஷின் மண்ணைக் கவ்விவிட்டது என்றே நினைத்தேன். அண்ணனும் சிரித்தார். "புதுப் பையன் தம்பி, தப்பு பண்ணத்தான் பண்ணுவான்" என்றார்.

"நாங்களும் அப்டித்தான்ணா நெனச்சோம்" என்றான் அஸ்வின். அவன் முகத்தில் சிரிப்பில்லை. "குடோன்ல மிச்சமிருந்த பதினொண்ண எடுத்துப் பிரிச்சுப் பாத்தோம். பதினொண்ணுலயும் பேரிங் போயிருக்குதுண்ணா."

அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "எந்த மோட்டாரு? போடு, கேக்கறேன்" என்று கண்ணை மூடினார்.

அஸ்வின் லேப்டாப்பைத் தட்டினான். சிலேட்டில் ஆணியை வைத்து இழுத்த மாதிரி ஒரு மெல்லிய கீச்சு ஸ்பீக்கரிலிருந்து வந்து அறை முழுக்க நின்றது. எனக்குப் பல் கூசியது. சார் கையைக் காதுக்குக் கொண்டுபோனார். அண்ணன் தலையை ஒரு பக்கம் சாய்த்து அப்படியே உட்கார்ந்திருந்தார். இருபது விநாடி ஓடி முடிந்தது.

"ம், போடு தம்பி" என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமலே.

அஸ்வின் லேப்டாப்பை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு, "போட்டாச்சுண்ணா" என்றான்.

அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவ போடு" என்றார். இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை. சாரின் முகம் சுளிப்பதைப் பார்த்தார், என் தோள் ஒடுங்குவதைப் பார்த்தார். எங்கள் முகத்தை வைத்துத்தான் அந்தச் சத்தம் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டார். அவர் உதட்டில் ரத்தமே இல்லை. ஒரு மனுஷர் நம் கண்ணெதிரே அப்படி வெளுத்துப்போவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

எனக்கு விழுந்த அடி வேறு. அந்தக் கீச்சு எனக்குப் புதிதில்லை. சித்திரை மாதத்திலிருந்து அந்தக் கூண்டுக்குள் எத்தனையோ தடவை அதைக் கேட்டிருக்கிறேன். இது வேணாம் ஆச்சே என்று விரல் சிவப்புக்குப் போகும். அவர் போலாம் என்பார். நான் பச்சையை அமுக்குவேன். மெஷினுக்கு நாக்கு இல்லை, அதுவே சொல்லிவிட்டது. எனக்கு இருந்தது.

மறுநாள் கம்பெனி வண்டியில் காது டாக்டரிடம் அனுப்பினார்கள், துணைக்கு நான். அவரை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். வந்த காகிதத்தில் ஒரு கோடு நேராகப் போய், கடைசியில் கிணற்றில் விழுகிற மாதிரி இறங்கியிருந்தது. தடித்த சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறது, பேச்சும் கேட்கிறது, அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை என்றார் டாக்டர். கீச்சு மாதிரி மெல்லிய சத்தங்கள் போய்விட்டன, போனது போனதுதான்.

"கல்லு அறுக்கற எடத்துல காதுக்கு எதாவது வச்சிருந்தீங்களா?"

"பஞ்சுகூட வக்கலீங்க" என்றார் அண்ணன். அந்தக் கல் அவருக்கு எதையும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

திரும்பும்போது வண்டியில் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "உனுக்குக் கேட்டுச்சா ஜோதி, அந்த மோட்டாருங்கல்லாம்?"

"கேட்டுச்சுங்ணா."

"ஏன் சொல்லல?"

"உங்களுக்குக் கேக்காதது எனக்கு இன்னா கேக்கப்போவுதுன்னு நெனச்சுட்டேன்ணா."

திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எத்தனை வண்டி இப்போது ரோட்டில் ஓடுது என்று மட்டும் கேட்டார். முந்நூற்றொன்று என்றேன். எல்லாவற்றையும் திருப்பி வரவழைத்து மோட்டார் மாற்றப்போகிறார்கள் என்றும் சொன்னேன். தலையாட்டினார்.

வீட்டு வாசலில் அவரை இறக்கிவிட்டுப் போக இருந்தேன், உள்ளே வரச் சொன்னார். உள்ளே போனதும் நேராக பீரோவைத் திறந்தார். கொலுசை எடுத்தார். பள்ளிக்கூடச் சீருடையோடு நின்ற சுவாதியை உட்காரவைத்து, இரண்டு காலிலும் தானே மாட்டி, திருகாணியை முறுக்கினார். முறுக்குகிறபோதே எனக்குக் கேட்டுவிட்டது.

"நட கண்ணு" என்றார்.

பிள்ளை சமையலறை வரை போய்த் திரும்பி ஓடி வந்தது. இத்தனை மாதம் கழித்துக் கிடைத்த சந்தோஷத்தில் தரையைத் தட்டித் தட்டிக் குதித்தது. வீடே கலகலவென்று இருந்தது. அண்ணன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண் இமைக்காமல் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு ஜோதி" என்றார். "போலாமா, வேணாமா?"

இந்தத் தடவை சொன்னேன்.

"போலாம்ணா."