ஐஸில் வைத்த ரத்தம்

சென்ற வாரம் மூலக்குளத்து வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது, அகன்ற வாய் கொண்ட சிவப்பு பிளாஸ்க் ஒன்று கையில் தட்டுப்பட்டது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். மீன் வாடை என்றோ போய்விட்டது, எனக்குத்தான் போகவில்லை. எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். வாரம் இரண்டு நாள் இந்த பிளாஸ்கைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து மனநோயாளிகளின் ரத்தத்தைக் கொண்டு வருவேன். வீட்டிலிருந்தே அங்கே வைத்தியத்துக்கு வந்துபோன என் அக்காவும் அவர்களில் ஒருத்தி.

அந்த ரத்தத்துக்காகக் காத்திருந்தவர், ஆய்வுக்கூடத்தை நடத்திய டாக்டரம்மா. பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர் ஒருவரின் மகள். பிரான்சில் படித்துவிட்டு, போனவர்கள் திரும்பாத காலத்தில் திரும்பி வந்தவர். உயிரணுவின் சுவரில் சோடியமும் பொட்டாசியமும் போய்வர நுண்ணிய வழிகள் உண்டு, அயனி வாய்க்கால்கள் என்று பெயர். மனச்சிதைவு நோயில் அவை கெட்டிருக்கலாம் என்பது அவர் எண்ணம். "உயிரோட இருக்கறவங்க மூளைய வெட்டிப் பாக்க முடியுமாய்யா? ரத்த அணுவுக்கும் சுவர் இருக்குதில்ல, அதக் கேப்போம்" என்பார்.

அக்கா ஆசிரியப் பயிற்சி முடித்தவள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே சுவரோடு பேச ஆரம்பித்தாள். சுவர் அவளுக்குப் பதிலும் சொன்னது என்பதுதான் கொடுமை. அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றவள். ரத்தத்தை வெறும் பிளாஸ்கில் கொண்டுபோகிறேன் என்றதும் பதறிப்போனாள். "செத்த மீனுக்கே ஐஸ் போடறோம். எம் பொண்ணு ரத்தம்டா, வெயில்ல கெட்டுப்பூடாது?" என்று தன் மீன் பெட்டியிலிருந்தே ஐஸை உடைத்துத் துணியில் கட்டிக் கொடுத்தாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது, நான்தான் பெரிய கெட்டிக்காரன் ஆயிற்றே! ஆய்வுக்கூடம் வந்ததும் குழாய்களைத் துடைத்து வரிசையாக வைத்துவிடுவேன். நோயில்லாதவர்களின் ரத்தத்தை அங்கேயே எடுத்ததால் அதற்கு ஐஸ் தேவைப்படவில்லை.

நோயாளிகளின் அணுக்களில் பொட்டாசியம் குறைவாக இருந்தது. எத்தனை முறை அளந்தாலும் குறைவுதான். டாக்டரம்மா கட்டுரை எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பினார். ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. அவர் ஒருநாளும் மருந்து என்ற பேச்சை எடுத்ததில்லை. நான்தான் வீட்டுக்கு ஓடி, "கண்டுபுடிச்சிட்டாங்கம்மா, இனி மருந்துதான் பாக்கி" என்றேன். அம்மா அழுதாள். அக்காவை உட்கார வைத்துத் தலை வாரிப் பூ வைத்தாள்.

அந்த ஐப்பசியில் விடாத மழை. படகுகள் கடலுக்குப் போகவில்லை, மார்க்கெட்டுக்கு ஐஸ் வண்டியும் வரவில்லை. அன்று கொண்டுபோன எல்லாக் குழாய்களிலும் பொட்டாசியம் சரியாக இருந்தது. "இன்னிக்கு என்னய்யா வித்தியாசம்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மன்னிச்சிடுங்கம்மா, இன்னிக்கு மட்டும் ஐஸ் கெடைக்கல."

"ஐஸா?" என்றார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தன் கையை நீட்டி ரத்தம் எடுக்கச் சொன்னார். பாதியை ஐஸிலும் பாதியை மேசையிலும் வைத்தோம். குளிர் பட்டால் அணுவிலிருந்து பொட்டாசியம் கசிந்துவிடும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மாலையில் இரண்டு அளவுகளையும் பார்த்துச் சிரித்தார். "பாருய்யா, எனக்கும் நோவு வந்துடுச்சி."

கட்டுரையை அச்சேறுமுன் திரும்பப் பெற்றுக்கொண்டார். "உன் மேல தப்பில்ல, நான்தான் கேட்டிருக்கணும்" என்றார்; நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதன்பிறகு ஐஸ் இல்லாமல் அளந்ததில் ஒரு வித்தியாசமும் தென்படவில்லை. எண்பதுகளின் நடுவில் பிரான்சுக்கே போய்விட்டார். அத்தனை வருட ஆராய்ச்சியில் அச்சில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. அம்மா சாகும்வரை "மருந்து வந்துச்சாடா?" என்று கேட்டாள், "வரும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ கொடுத்த ஐஸ்தாம்மா எல்லாம் என்று எந்த வாயால் சொல்வது?

பிளாஸ்கோடு பரணிலிருந்து இறங்கியபோது அக்கா பார்த்துவிட்டாள். தலை முழுக்க நரைத்துவிட்டது; நாள்கணக்கில் பேசாதவள். பிளாஸ்கையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெல்ல இடது கையை நீட்டி முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எடுத்துக்க தம்பி," என்றாள். "ஐஸ் போட்டு எடுத்துட்டுப் போ. கெட்டுப்பூடும்."